அம்பையும் சிகண்டியும் ஒருவரே

திருச்சிற்றம்பலம்.



நம்ம ஞாயிறு வகுப்பில் என்னைப் பேசச் சொன்னபோது கொடுத்த தலைப்பு, ‘மகாபாரதத்தில் பெண்கள்’. நானும் குந்தி, காந்தாரி, திரௌபதி என்று வரிசையாகக் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். ஆனால் எழுந்து நின்றதும் வாயில் வந்தது வேறு பெயர், அம்பை. அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். அம்பைக்கு முன்னால் ஒரு தைப்பூசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் என் தப்பும் இருக்கு.

சாவி என் கையில் இருந்தது

இரண்டு வருடத்துக்கு முந்தைய தைப்பூசம். நாம் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நான் மகளிர் பிரிவுக்குப் பொறுப்பு. பந்தலுக்குப் பின்னால் பெண் தொண்டர்களுக்கென்று ஓர் அறை உண்டு. துணி மாற்ற, கொஞ்சம் படுக்க, கழிவறைக்குப் போக. அந்த அறை சும்மா கிடைக்கவில்லை. முன்பெல்லாம் பெண்கள் கூடாரத்துக்குப் பின்னால் துணியைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டுதான் சேலை மாற்றுவார்கள். ஒரு வருடம் எவனோ ஒருவன் கைப்பேசியை மேலே தூக்கிப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அக்காமார்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டு வாங்கிய அறை அது.

அந்த வருடம் எங்களோடு பூக் கட்ட ஓர் அக்கா வந்தார். திருநங்கை. கை அப்படி ஓடும். நாங்கள் மூன்று பேர் கட்டுகிற மாலையை அவர் ஒருவரே கட்டிவிடுவார். இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் எல்லாரும் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒன்றரை மணிக்கு அவர் எழுந்து, “தங்கச்சி, அந்த ரூம் சாவி கொஞ்சம் கொடுமா” என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சீனியர் அக்கா மெதுவாக என்னிடம், “வேணாம்மா. அது நம்ம பெண்களுக்குன்னு போராடி வாங்கின இடம்” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. சாவி என் கையில் இருந்தது. நான் கைப்பேசியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

பூக் கட்டிய அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “பரவாயில்லமா” என்று சொல்லிவிட்டு, இருட்டில் எண்ணெய் நிலையம் வரைக்கும் தனியாக நடந்து போனார். வழியில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த பையன்கள் கத்தியது பந்தல் வரைக்கும் கேட்டது. என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். மிச்ச மாலையைக் கட்டி முடித்தார். விடிந்ததும் போனவர் அதற்குப் பிறகு நம்ம பந்தலுக்கு வரவே இல்லை.

அம்பையின் வழக்கு

இப்போது கதைக்கு வருவோம். வியாச பாரதத்தில், உத்தியோக பருவத்தில், பீஷ்மரே துரியோதனனிடம் சொல்கிற கதை இது.

காசி ராஜாவுக்கு மூன்று பெண்கள். அம்பை, அம்பிகை, அம்பாலிகை. சுயம்வரம் நடக்கும் மண்டபத்துக்கு பீஷ்மர் வருகிறார். தனக்காக இல்லை, தம்பி விசித்திரவீரியனுக்காக. மூவரையும் தேரில் ஏற்றிக்கொண்டு போகிறார். அங்கே இருந்த ராஜாக்கள் எல்லாரும் எதிர்த்துச் சண்டை போட்டார்கள். ஆனால் அந்தப் பெண்களிடம் ‘உனக்குச் சம்மதமா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. சுயம்வரம் என்றால் பெண் தானே தேர்ந்தெடுப்பது. பெயர் அப்படி, நடந்தது இப்படி.

அம்பை அஸ்தினாபுரத்தில் வாய் திறந்து சொன்னாள், ‘நான் சால்வனை மனத்தில் வரித்துவிட்டேன்’ என்று. பீஷ்மர் அனுப்பிவைத்தார். சால்வன், ‘இன்னொருவன் கைப்பிடித்துக் கொண்டுபோன பெண் எனக்கு வேண்டாம்’ என்றான். திரும்பி வந்தால் இங்கேயும் இடம் இல்லை. தப்பு செய்தது யார், தண்டனை யாருக்கு என்று பாருங்கள். பரசுராமர் அவளுக்காக பீஷ்மரோடு நாள்கணக்கில் போர் செய்தும் முடிவு வரவில்லை. காதலன், அரசவை, குரு என்று எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டாள் அவள்.

பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் சிலருக்கு முகம் மாறுகிறது, மேல்நாட்டுச் சரக்கு என்று. அம்பை கேட்டது என்ன? ‘என் உடம்பு, என் வாழ்க்கை, என்னைக் கேட்காமல் ஏன் முடிவு செய்தீர்கள்?’ பெண்ணியத்தின் முதல் கேள்வியும் அதுதானே. நம்ம நாட்டில் 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. வீட்டுக்குள் அடிப்பது ‘குடும்ப விஷயம்’ இல்லை, குற்றம் என்று சொல்லவைக்க இங்கே பெண்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். அவர்கள் தட்டியதும் அம்பை தட்டிய கதவுகளைத்தான்.

கடைசியில் அம்பை தவம் இருந்தாள். வந்தவர் யார்? நம்ம சிவபெருமான். துருபதன் வீட்டில் பிறப்பாய், பிறகு ஆணாவாய் என்று வரம் கொடுத்தார். அவள் தீயில் இறங்கினாள்.

சிகண்டியின் உடம்பு

துருபதனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவனும் சிவனிடம் பிள்ளை வரம் கேட்டுத் தவம் செய்தவன். பெண்ணாகப் பிறந்து ஆணாகும் என்று அவனுக்கும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அதனால் மகன் என்றே வளர்த்தான். சிகண்டி துரோணரிடம் வில்வித்தை கற்றார். தசார்ண நாட்டு அரசன் இரணியவர்மனின் மகளைத் திருமணமும் செய்துவைத்தார்கள். உண்மை தெரிந்ததும் இரணியவர்மன் படையெடுத்து வந்தான், ‘என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்று.

தன்னால்தானே பெற்றோருக்கு இந்தக் கதி என்று சிகண்டி உயிரை விடக் காட்டுக்குப் போனார். இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு பிள்ளை, தான் பிறந்த விதமே வீட்டுக்குப் பாரம் என்று நினைத்துச் சாகப் போகிறது. இன்றைக்கும் அந்தக் காட்டுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காட்டில் ஸ்தூணன் என்ற யட்சன் அந்த அழுகையைக் கேட்டான். தன் ஆண்மையைக் கொஞ்ச காலத்துக்குக் கொடுத்து, சிகண்டியின் பெண்மையைத் தான் வாங்கிக்கொண்டான். சிகண்டி ஆணாக ஊர் திரும்பினார். இரணியவர்மன் நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவரப் பெண்களை அனுப்பினான். அவர்கள் போய், ஆண்தான் என்று வந்து சொன்ன பிறகுதான் படையைத் திருப்பினான்.

புராணத்தை இன்றைய மருத்துவச் சொற்களோடு அப்படியே பொருத்த முடியாது, எனக்குத் தெரியும். சிகண்டியை இன்றைய சொல்லில் சொன்னால் திருநம்பிக்குப் பக்கத்தில் வருவார். நம்ம பூக் கட்டிய அக்கா திருநங்கை. ஆனாலும் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. அம்பை என்ற பெண்ணுக்கு நடந்த அநியாயமும் சிகண்டி என்ற மாறிய உடம்புக்கு நடந்த அவமானமும் இரண்டு பேருடைய வழக்கு இல்லை. ஒரே ஆத்மாவின் வழக்கு. அந்தப் பெண்ணுக்கு நீதி வந்ததே சிகண்டி வழியாகத்தான்.

போரில் பீஷ்மர் என்ன சொன்னார்? முன்பு பெண்ணாக இருந்தவரோடு நான் போரிட மாட்டேன். நீ எத்தனை மாறினாலும் எனக்கு நீ அந்தச் சிகண்டினிதான் என்றார். பீஷ்மரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் வியாசர் மறைக்கவில்லையே. பெண் மேல் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்கிற அந்த மரியாதை, ஒரு பெண்ணைக் கேட்காமல் தேரில் ஏற்றியபோது எங்கே போனது? அம்பையின் பேச்சைக் கேட்காததும், சிகண்டியை அவர் சொல்கிறபடி ஏற்காததும் ஒரே பழக்கம்தான்: ‘நீ யார் என்பதை நான் முடிவு செய்வேன்.’

அதே பீஷ்மர்தான் ஒன்பதாம் நாள் இரவு பாண்டவர்கள் வந்து கேட்டபோது, சிகண்டியை முன்னால் நிறுத்துங்கள் என்று தன் வாயாலேயே வழி சொன்னார். பத்தாம் நாள் விழுந்தார். பெரியவர்கள்கூடக் கடைசியில் வழி விடுவார்கள். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே நிறுத்தினால் யாருக்குக் காயம்?

இந்தச் சண்டை நம்ம பந்தலில் மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் 1976 முதல் 2015 வரை பெண்களுக்கென்றே ஓர் இசை விழா நடந்தது. ஆண்களின் தொந்தரவு இல்லாமல் பெண்களே மேடை கட்டி, பெண்களே பாடி, நிம்மதியாக இருந்த இடம். பலருக்கு அது வாழ்க்கையையே மாற்றியது. ஆனால் பிறப்பால் பெண்ணானவர்கள் மட்டும் என்பது அவர்கள் வைத்திருந்த கொள்கை. 1991-இல் ஒரு திருநங்கையை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு வாசலுக்கு வெளியிலேயே இன்னொரு முகாம் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உள்ளேயும் பெண்ணியவாதிகள், வெளியேயும் பெண்ணியவாதிகள். போன தலைமுறை முழுக்க இந்த வாதம் ஓடியது. 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அங்குள்ள சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பு சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2014 ஏப்ரல் 15-ஆம் தேதியே, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்று சொல்லிவிட்டது. நீதிமன்றங்களே இரண்டு பக்கமாக நிற்கும்போது, பந்தலில் நின்ற நமக்குக் குழப்பம் வந்தது பெரிய ஆச்சரியம் இல்லை.

ஆனால் வாசலில் சோதனை வைத்தால் அது யாரைப் பிடிக்கும் என்று யோசித்தோமா?

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் சாந்தி சௌந்தரராஜன். ஏழைக் குடும்பம். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். உடனே பாலினச் சோதனை செய்து பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அவர் திருநங்கை இல்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். பெண்களின் விளையாட்டைக் காப்பாற்றத்தான் அந்தச் சோதனை என்றார்கள். அது உடைத்தது ஒரு பெண்ணின் வாழ்க்கையை. இரணியவர்மன் ஆள் அனுப்பியது பழைய கதை என்று நினைத்தேன். இல்லை, நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நடந்த கதை.

நானே ஒன்று சொல்கிறேன். எனக்கு முடி குட்டை, குரல் கொஞ்சம் கட்டை. இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். பட்டறை வகுப்பு என்றால் முழுக்கால் சட்டை, காப்புக் காலணி. பெண்கள் கழிவறைக்குள் நுழைந்த என்னை, “தம்பி, இது பொம்பளைங்களுக்கு” என்று துப்புரவு அம்மா ஒருத்தர் தடுத்தார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு நாள். அந்த அக்காவுக்குத் தினமும், அதுவும் சிரிக்க முடியாமல்.

அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கம். கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். அந்த ஓர் இலக்கத்தை வைத்து நம்ம அக்காவுக்கு மருத்துவமனையில் எந்தப் படுக்கை, எந்த வரிசை என்று எல்லாம் முடிவாகும். அரசாங்கக் கணினிக்கு வேறு வழி தெரியாமல் இருக்கலாம். நமக்கும் தெரியாதா?

பயம் பொய்யில்லை

இப்போது அந்தச் சீனியர் அக்காவின் பக்கம். அவரை வில்லியாக்கி இந்தக் கட்டுரையை முடித்தால் அதுவும் அநியாயம். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தவன் கற்பனை இல்லை. நான் படிக்கிற கட்டடத்தில் பெண்கள் கழிவறைக்கு இரண்டு மாடி இறங்கிப் போக வேண்டும். கட்டும்போது எங்களை யாரும் நினைக்கவில்லை. தனக்கென்று ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் கிடைக்கப் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ‘யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் கெட்டவனும் வருவானே’ என்று ஒரு பெண் கேட்டால், அவளைப் பழமைவாதி என்று திட்டக்கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இது. கைப்பேசியைத் தூக்கியவன் யார்? மோட்டார் சைக்கிளில் இருந்து கத்தியவர்கள் யார்? இரண்டு பக்கமும் தொந்தரவு ஒரே இடத்தில் இருந்துதான் வருகிறது. பொறியியலில் இரண்டு விளக்கு அணைந்தால் இரண்டையும் கழற்றிக் குறை சொல்ல மாட்டோம். மூலக் கம்பியைப் பார்ப்போம். நாங்கள் இரண்டு விளக்குகளும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மூலத்தைத் தொடவே இல்லை.

தப்பு செய்கிறவனைச் செயலை வைத்துப் பிடிக்க வேண்டும். எவனாக இருந்தாலும், எவளாக இருந்தாலும். எங்களோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்து முருகனுக்கு மாலை கட்டியவரை, ஊர் பேர் தெரியாத ஒருவன் செய்யக்கூடிய தப்புக்காகத் தண்டித்தோம். தர்ம சாஸ்திரத்தில் இதற்கு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிலர், ‘பிருகந்நளை கதை இருக்கே, அர்ஜுனனே அந்தப்புரத்தில் இருந்தானே’ என்று உதாரணம் சொல்வார்கள். நான் அதை எடுக்கவில்லை. அது ஒரு வருட அஞ்ஞாதவாசம். முடிந்ததும் அர்ஜுனன் வில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த அக்கா ஒளிந்து வாழவில்லை. ஒளிந்து வாழ முடியாமல்தான் வீட்டை விட்டு வந்தவர்.

சிவன் யாரைக் கேட்டார்?

நம்ம திருமுறைக்கு வருவோம். மாணிக்கவாசகர் இறைவனைப் பாடும்போது பெண் என்றும் ஆண் என்றும் பாடி, அதோடு நிறுத்தாமல் அலி என்றும் பாடுகிறார். பள்ளியில் நாம் கல் மாதிரி எறிகிற சொல், திருவாசகத்தில் இறைவனுக்கே பெயர். அந்தச் சொல்லை இன்று யாரையும் கூப்பிடப் பயன்படுத்த வேண்டாம். அது அவர்களைப் புண்படுத்திப் புண்படுத்திக் கெட்டுப்போய்விட்டது. ஆனால் நாம் யாரை இழிவு என்று நினைத்தோமோ அவர்களிடத்திலும் இருப்பவன் அவன் என்பதை மணிவாசகர் மறைக்கவில்லை.

காரைக்கால் அம்மையாரையும் நினையுங்கள். உலகம் பெண் என்றால் எதை எதிர்பார்க்கிறதோ, அந்த அழகு உடம்பையே வேண்டாம் என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள். கயிலையில் அந்த உருவத்தைப் பார்த்துச் சிவன் ‘நீ யார், பெண்தானா’ என்று கேட்கவில்லை. தாயே என்று அழைத்தார். சிவன் பார்த்தது வந்த அன்பை. நாம் பார்த்தது கடைசி இலக்கத்தை.

இதனால்தான் சொல்கிறேன். பெண்ணின் உரிமையும் திருநங்கையின் மரியாதையும் தராசின் இரண்டு தட்டு இல்லை, ஒன்று ஏறினால் ஒன்று இறங்குவதற்கு. 2016-இல் நம்ம நாட்டுத் திருநங்கை நிஷா அயூப், உலக அளவில் துணிச்சலான பெண்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் விருதைப் பெற்றார். அந்த விருது வாங்கிய முதல் திருநங்கை அவர். அதனால் எந்தப் பெண்ணின் இடமும் குறையவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

பேசிவிட்டுப் போனால் போதாது. நம்ம கிளையில் மூன்று முடிவு எடுத்திருக்கிறோம். உங்கள் கிளையிலும் பேசிப் பாருங்கள்.

ஒன்று. பெண்கள் அறைக்குள் இரண்டு தனித் தடுப்பு, உள் தாழ்ப்பாளோடு. பலகையும் கீலும் நானும் என் வகுப்புத் தோழிகளும் போடுகிறோம். யாருக்கும் யார் முன்னாலும் துணி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இது பூக் கட்டிய அக்காவுக்கு மட்டும் இல்லை. கூச்சம் உள்ள எல்லாத் தங்கைகளுக்கும்தான்.

இரண்டு. வாசலில் இரவு முழுக்க இரண்டு பேர் காவல். யார் கேலி செய்தாலும், யார் கைப்பேசியைத் தூக்கினாலும், ஆள் யாரென்று பார்க்காமல் வெளியே அனுப்புவது. தம்பிமார்களே, இந்த வேலை உங்களுக்கு. சண்டையை எங்களுக்குள் விட்டுவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்கக்கூடாது.

மூன்று. பெயர்ப் பட்டியலில் அவரவர் சொல்கிற பெயர், அவரவர் சொல்கிற பிரிவு. வேறு கேள்வி இல்லை.

இந்த மூன்றையும் கூட்டத்தில் வைத்தபோது முதலில் கை தூக்கியது யார் தெரியுமா? அந்தச் சீனியர் அக்கா. “தாழ்ப்பாள் நல்லதா போடும்மா” என்று மட்டும் சொன்னார். அவர் முழு மனதாக ஏற்றுக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. ஆனால் கதவு திறந்தது.

பூக் கட்டிய அக்காவின் எண்ணைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “மல்லி எங்க வாங்குறீங்க? போன தடவை வாங்கினது சரியில்ல.” வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வரும் தைப்பூசத்துக்கு நல்ல மல்லியாக வாங்கி வைத்திருப்போம். அந்தச் சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருப்போம், யாரும் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாத மாதிரி.

அம்பைக்கு வரம் கொடுத்த பெருமான் நமக்கும் கொஞ்சம் துணிவு கொடுக்கட்டும்.

சிவாயநம.